கூரையும் நடைபாதையும்

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். கணினி படித்தவன், அவ்வப்போது கவிதையும் எழுதுவான். அமெரிக்காவில் இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஒன்று நியூயார்க், இன்னொன்று லாஸ் ஏஞ்சலஸ். "அண்ணே, நீங்க ரெண்டு ஊர்லயும் இருந்திருக்கீங்க. வாழறதுக்கு எது நல்ல ஊரு? சுத்தி வளைக்காம சொல்லுங்க" என்றான்.

நியூயார்க்கில் இரண்டு வருஷம் இருந்தேன், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். நியூயார்க்கில் காடி வேண்டாம். 472 நிலையங்கள், ராத்திரி மூன்று மணிக்கும் ரயில் ஓடும். பிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் கீழே கேண்டீனில் நல்ல தோசை கிடைக்கும். ஆனால் குளிர் எலும்பைத் தொடும், வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. 2023இல் நகராட்சி எடுத்த கணக்கில், நூறு வாடகை வீடுகளில் காலியாக இருந்தவை ஒன்றரைகூட இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் வருஷம் முழுக்க வெயில், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை. மூச்சு விட இடம் இருக்கும். ஆனால் காடி இல்லையென்றால் பாதி ஊர் உனக்குக் கிடையாது. நெரிசலில் ஆயுசு போகும்.

"சரிண்ணே, யோசிக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

வைத்த பிறகுதான் உறுத்தியது. நான் சொன்ன எல்லாமே சம்பளமும் விசாவும் வீட்டுச் சாவியும் உள்ள ஒருவனுக்கான பதில். வாழ நல்ல ஊர் எது என்று நாம் கேட்கும்போது, யார் வாழ என்பதை நாமே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறோம். பத்திரிகைகள் வருஷா வருஷம் போடும் 'வாழத் தகுந்த நகரங்கள்' பட்டியலும் இப்படித்தான். தேர்ந்தெடுக்க முடிந்தவர்களுக்கான பட்டியல் அது.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் ஒரு சோதனையை முன்வைத்தார். ஒரு சமூகத்தின் விதிகளை நீங்கள் வகுக்க வேண்டும். ஆனால் அதில் நீங்கள் யாராகப் பிறப்பீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. பணக்காரரா, ஏழையா, திடமானவரா, நோயாளியா, எதுவுமே தெரியாது. இந்த 'அறியாமைத் திரை'க்குப் பின்னால் நின்று எந்த விதிகளை ஒப்புக்கொள்வீர்களோ அவையே நியாயமானவை என்றார். தம்பியின் கேள்வியை இந்தத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நாளைக்கு இந்த ஊரில் நான் வீடில்லாதவனாக விழிப்பேன் என்றால் எந்த ஊரில் விழிக்க விரும்புவேன்?

இரண்டு ஊர்களும் இந்தக் கேள்விக்கு எதிரெதிரான பதில் தருகின்றன. 2024 கணக்கெடுப்பில் நியூயார்க் நகரத்தில் வீடற்றவர்கள் 1,40,000க்கும் மேல். அதில் புகலிடம் தேடி வந்த வெளிநாட்டினரும் கணிசம். தெருவிலும் ரயிலிலும் தூங்கியவர்கள் ஏறக்குறைய 4,000 பேர்தான், அதாவது நூற்றில் மூன்று பேர். மற்றவர்களுக்கு அன்றிரவு ஏதோ ஒரு கூரை இருந்தது. அதே வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் வீடற்றவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் கூடாரத்திலும் காடிக்குள்ளும் நடைபாதையிலும் கிடந்தார்கள்.

நியூயார்க்காரர்களுக்கு இரக்கம் அதிகம் என்பதல்ல காரணம். அந்த ஊரில் இருந்தவன் அப்படிச் சொல்லமாட்டான். காரணம் ஒரு வழக்கு.

1979இல் ராபர்ட் ஹேஸ் என்ற இளம் வழக்கறிஞர், போவரி பகுதியில் தெருவில் வாழ்ந்த ராபர்ட் காலஹன் உள்ளிட்ட சிலருக்காக நீதிமன்றம் போனார். நியூயார்க் மாநில அரசியல் சட்டத்தில் 1938இல், பெருமந்தத்தின் சூடு ஆறாத காலத்தில், ஒரு பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. தேவையில் இருப்போரைப் பராமரிப்பது பொதுப் பொறுப்பு, அதை அரசு செய்தாக வேண்டும் என்பது அதன் சாரம். நாற்பது வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்த வரியை ஹேஸ் பிடித்துக்கொண்டார். 1981 ஆகஸ்டில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தீர்ப்பாணை வந்தது. வீடில்லாமல் வந்து நிற்கும் ஆணுக்கு நகராட்சி படுக்கை தர வேண்டும். பிறகு வேறு வழக்குகள் வழியாக இது பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் விரிந்தது. காலஹன் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய வருஷமே தெருவில் இறந்துபோனார்.

அந்தத் தீர்ப்பாணையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் அலுப்பூட்டும் பகுதி. கட்டில் குறைந்தது 30 அங்குல அகலம் இருக்க வேண்டும். மெத்தை சுத்தமாக இருக்க வேண்டும். துவைத்த விரிப்பு இரண்டு, போர்வை ஒன்று, தலையணை ஒன்று. இரக்கப்பட்டுக் கொடுப்பவன் அங்குலக் கணக்கு எழுதமாட்டான். வாங்குகிறவனும் "இது 28 அங்குலம்தான் இருக்கு" என்று அவனிடம் சண்டை போட முடியாது. உரிமை என்று ஆன பிறகு போடலாம்.

லாஸ் ஏஞ்சலஸ் வேறு பாதையில் போனது. நகர மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஸ்கிட் ரோ இருக்கிறது, ஏறக்குறைய ஐம்பது தெருத்தொகுதிகள். 1976இல் நகரம் ஒரு கொள்கை வகுத்தது. வீடற்றவர்களுக்கான சேவைகளையெல்லாம் அங்கேயே குவித்து, அவர்களையும் அந்த எல்லைக்குள்ளேயே வைத்திருப்பது. பிரச்சினையைத் தீர்க்காமல் அதற்கு ஒரு முகவரி கொடுத்தார்கள். அங்கேயும் வழக்கு நடந்தது. படுக்க வேறு இடமில்லாதவனை நடைபாதையில் படுத்ததற்காகத் தண்டிப்பது கொடுமை என்று 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷம் சமரசம் ஏற்பட்டது. 1,250 வீடுகள் கட்டி முடிக்கும்வரை, இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை நடைபாதையில் தூங்குகிறவர்களைப் போலீஸ் தொடாது.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஊரில் ஏழை கூரையைப் பெற்றான். இன்னொரு ஊரில் நடைபாதையைப் பெற்றான், அதுவும் ராத்திரிக்கு மட்டும். அந்தப் பாதுகாப்பின் அடிப்படையும் 2024 ஜூனில் போனது. வெளியில் தூங்குவதற்குத் தண்டனை விதிப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானதல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. என் நண்பர் ஒருவர் சொன்னார்: "இதெல்லாம் நீதியில்ல, குளிரு. நியூயார்க்ல வெளிய விட்டா ஜனவரியில செத்துருவான். லாஸ் ஏஞ்சலஸ்ல சாகமாட்டான். அவ்ளோதான்." ஓரளவு உண்மை. சூரியன் அங்கே எல்லோருடைய மனசாட்சிக்கும் தவணை கொடுக்கிறது. ஆனால் சிகாகோவிலும் குளிர்தான், அங்கே இந்த உரிமை இல்லை. குளிர் கேள்வியைக் கேட்க வைக்கும். பதிலை மனிதர்கள்தான் எழுத வேண்டும்.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

நியூயார்க்கில் ஈ ரயிலில் குவீன்ஸுக்குத் திரும்புவேன். அந்தத் தடம் முழுக்க நிலத்துக்கு அடியிலேயே ஓடுவதால் குளிர்கால இரவுகளில் வீடற்றவர்கள் அதில்தான் தூங்குவார்கள். ஒருநாள் ஏறியதும் நாற்றம். மூலையில் ஒருவர் நாலு இருக்கை நீளத்துக்குப் படுத்திருந்தார், கால்களில் பிளாஸ்டிக் பை. அடுத்த நிலையத்தில் எல்லோரும் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். புதுப் பெட்டியில் உட்கார்ந்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், "இந்தாளு ஏன் காப்பகத்துக்குப் போகல?" என்பதுதான். ஊரில் உரிமை இருக்கிறது, எனவே தப்பு அவருடையது. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

காப்பகம் எப்படியிருக்கும் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எண்பதுகளில் பழைய படைக்கலக் கொட்டகைகளில் நூற்றுக்கணக்கான கட்டில்களை வரிசையாகப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கட்டில் காலுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்களாம், திருட்டுப் பயம். தெருவே பாதுகாப்பு என்று வெளியே வந்தவர்கள் நிறைய. அந்த ரயில்காரருக்கும் அப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் வேறு மாதிரி. ஸ்கிட் ரோ ஓரமாகத்தான் தினமும் காடியில் போவேன். முதல் வாரம் மனசு கனத்தது. கூடாரங்கள், தள்ளுவண்டிகள், சக்கர நாற்காலியில் ஒரு கிழவி. மூன்றாவது மாதம் அந்தத் தெரு எனக்கு ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். விளக்கு விழுந்தால் கதவுப் பூட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வேன்.

நேரில் பார்த்தால் மனிதர்கள் உருகிவிடுவார்கள் என்று இலக்கியம் படிப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நாம் எழுதுவதே அந்த நம்பிக்கையில்தான். லாஸ் ஏஞ்சலஸ் எனக்கு அதைச் சந்தேகிக்கக் கற்றுத்தந்தது. அந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். கெட்டவர்களும் இல்லை. 2016இல் வீடற்றவர்களுக்கு வீடு கட்ட 1.2 பில்லியன் டாலர் கடன் வாங்கலாமா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆமாம் என்று வாக்களித்தவர்கள். ஆனால் 2018இல் கொரியா டவுனில் ஒரு தங்குமிடம் என்று அறிவித்ததும் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். எங்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஊரின் குடியிருப்பு நிலத்தில் முக்கால் பங்குக்குப் பக்கம் தனி வீடுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும்போது, எந்தப் பகுதியைக் கேட்டாலும் "இங்க வேணாம்" என்றுதான் வரும். எல்லோரும் ஒப்புக்கொண்ட வீட்டுக்கு யாருமே நிலம் தரமாட்டார்கள்.

ஆக, பார்ப்பது போதாது. பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் பழகிவிடும். ஒவ்வொரு நாளும் புதிதாக இரக்கப்பட எந்த மனிதனாலும் முடியாது. நான் களைத்துப்போன நாளிலும், நான் வெறுக்கும் ஒருவனுக்கும், படுக்கை கிடைக்க வேண்டும் என்றால் அது என் மனநிலையை நம்பி இருக்கக்கூடாது. அதற்குத்தான் சட்டம்.

ஆனால் நியூயார்க்கையும் ரொம்பப் புகழ முடியாது. உரிமை ஏழையை உள்ளே கொண்டுபோனது. உள்ளே போனவர் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாதவரின் உரிமையைக் குறைத்தால் கேட்க ஆள் குறைவு. 2022இலிருந்து புகலிடம் தேடுவோர் பேருந்து பேருந்தாக வந்து இறங்கியபோது, நகராட்சி அந்தப் பழைய தீர்ப்பாணையைத் தளர்த்தக் கேட்டது. 2024 மார்ச்சில் ஒரு சமரசம் ஏற்பட்டது. புதிதாக வந்த, குடும்பமில்லாத வயதுவந்தோருக்குப் பொதுவாக 30 நாள்தான். 1981இல் தொடங்கிய வாக்கியத்தில் ஒரு விதிவிலக்கு நுழைந்தது. நானும் அந்த ஊரில் வெளிநாட்டுக்காரனாக இருந்தவன்தான், கையில் விசா இருந்தது என்பதைத் தவிர வேறு வித்தியாசமில்லை.

ரால்ஸின் சோதனை வெறும் கற்பனை என்று சொல்பவர்களுக்கு 2025 ஜனவரி ஒரு பதில். லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிப் பரவிய தீயில் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பசிபிக் பாலிசேட்ஸில் கோடீஸ்வரர்கள், ஆல்டடீனாவில் தலைமுறையாக உழைத்து வீடு வாங்கிய கறுப்பினக் குடும்பங்கள். காலையில் சாவி இருந்தது, ராத்திரி கதவு இல்லை. காப்பீடும் உறவும் உள்ளவர்கள் வேறு கூரை தேடிக்கொண்டார்கள். அப்போதும் நடைபாதையில் இருந்தவன் நடைபாதையிலேயே இருந்தான், புகையைச் சுவாசித்துக்கொண்டு.

அடுத்த வாரம் தம்பியைக் கூப்பிட்டு மறுபடி சொன்னேன். "டேய், சுத்தி வளைக்காம கேட்ட இல்ல? நியூயார்க்." தோசைக்காகவும் இல்லை, ரயிலுக்காகவும் இல்லை. எல்லாம் கைவிட்டுப்போகும் நாளில் ஒரு கதவைத் தட்டி "எனக்குப் படுக்கை குடு, அது என்னோட உரிமை" என்று சொல்ல முடிகிற ஊர் அது. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது மோசமான கட்டில்தான். ஆனாலும் 30 அங்குலம்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணே, நான் லாஸ் ஏஞ்சலஸுக்கு ஓகே சொல்லிட்டேன். சம்பளம் கூட, வெயிலும் நம்ம ஊரு மாதிரி" என்றான்.

தப்பில்லை என்றேன். நிஜமாகவே தப்பில்லை. திரைக்குப் பின்னால் நின்று யாரும் வேலைக்குப் போவதில்லை. ஆனால் போகிற ஊரில் அவன் வாடகை கட்டுவான், அவனைப் போன்றவர்கள் வருவதால் அந்த வாடகை ஏறும், யாரோ ஒருவர் அங்கிருந்து வெளியேறுவார். அவரைப் பார்த்துப் பரிதாபப்படு என்று நான் சொல்லவில்லை. உன் பகுதியில் ஒரு தங்குமிடம் வரப்போகிறது என்று கூட்டம் போட்டால் போ, "இங்க வரட்டும்" என்று சொல்ல ஒரு ஆளாவது இருக்கட்டும் என்றேன்.

"போறேண்ணே" என்றான். போவானா என்று தெரியவில்லை. நான் அங்கே இருந்தபோது அப்படி ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை.