தகுதியும் தூரமும்

ஒருவனது தகுதியை அளக்கப் புகுவோர் அவன் இன்று நிற்கும் இடத்தை மாத்திரம் நோக்கினாற் போதுமா, அன்றி அவன் புறப்பட்ட இடத்தையும் நோக்குதல் வேண்டுமா? அறநூலார்க்குப் பழகிய இவ்வினா, சென்ற ஆண்டு என் நண்பன் தோற்றிய நேர்முகப் பரீட்சை ஒன்றின் வாயிலாக என்னை வந்தடைந்தது.

நண்பன் நெடுந்தீவைச் சேர்ந்தவன். கணினி விஞ்ஞானம் பயில்பவன். கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்று மாணவப் பயிலுநரைத் தெரிவுசெய்ய விரும்பி, இணையவழி நேர்முகப் பரீட்சைக்கு அவனை அழைத்திருந்தது. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தவன் முதல்நாளே யாழ்ப்பாணம் திரும்ப எண்ணியிருந்தான். வாடைக் காற்றினாற் கடல் குழம்பி, குறிகட்டுவானுக்குப் படகு ஓடவில்லை. அமைதியான நாளிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும் கடல் அது. ஆகவே வீட்டு முற்றத்தில் நின்று கைத்தொலைபேசி வழியே பேசினான். 'நீர் சுயமாக எழுதிய நிரல்கள் கிட்ஹப்பில் ஏன் இவ்வளவு குறைவு?' என்று வினவினர். 'இனித்தான் கூடுதலாகச் செய்யவேண்டும்' என்றான். பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டிலேதான் தனக்கென ஒரு மடிக்கணினி வாய்த்தது என்பதை அவன் சொல்லவில்லை. தெரிவாகவும் இல்லை.

'ஏன் நீ அதைச் சொல்லேல்லை?' என்று கேட்டேன்.

'அவையள் நிரல் எழுதுற ஆளைத் தேடினவை. கடல் தாண்டுற ஆளைத் தேடேல்லை, மச்சான்' என்றான்.

இவ்விடையில் ஒரு மானம் உண்டு. முதலில் அதற்குத் தலைவணங்கினேன். தீவிற் பிறந்தவன் எழுதினான் என்பதற்காக நிரலிலுள்ள பிழை பிழையன்றாகிவிடாது. எனினும் ஆறியிருந்து சிந்தித்தபோது அவ்விடை முற்றும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அங்கே தேடப்பட்டவர் கைதேர்ந்த பொறியியலாளர் அல்லர், பயிலுநர். பயிலுநரிடம் பிரதானமாக நாடப்படுவது கற்குந் திறன். இரண்டு ஆண்டுகளிற் கற்றவனும் பத்து ஆண்டுகளிற் கற்றவனும் ஒரே கணக்கை ஒரேயளவு சரியாகச் செய்து காட்டினால் இருவரும் ஒப்பாவரோ? புறப்பட்ட இடத்தை அறியாதார் வேகத்தை அறியார். துன்பத்தை மறைப்பதாக எண்ணி, நண்பன் தன் திறமைக்குரிய சான்றையே மறைத்துவிட்டான்.

அவ்வாறாயின் அதைச் சொல்லுதல் அவன் கடனா? திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரம் தெரிவுசெய்பவனை நோக்கியே பேசுகின்றது. குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிகுந்தது எதுவெனக் காணும் பொறுப்பு அவனுடையது. தெரிவுசெய்யப்படுபவன் தன்னை எவ்வாறு எடுத்துக்காட்டல் வேண்டும் என்பதற்கு வள்ளுவர் ஓரதிகாரமும் வகுத்தாரல்லர். அரை மணி நேரத்தில் ஒருவனை எங்ஙனம் ஆராய்வது என நிறுவனத்தார் கேட்கலாம், அதுவும் நியாயமே.

சொல்லும்படி தூண்டுவதிலும் ஒரு கேடு உண்டு. துயரக்கதைக்குப் புள்ளி உண்டென்று அறிந்தால் எல்லோரும் கதையோடு வருவர். நன்றாகச் சொல்லத் தெரிந்தவன் வெல்வான். வாய் திறவாத என் நண்பன் அப்போதும் தோற்பான்.

கதை வேண்டாம், சூத்திரமே போதும் எனின், அதனையும் நாம் கண்டவர்களே. 1970களின் முற்பகுதியில் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழக அனுமதியிற் புகுந்தன. தமிழ் மாணவர் அதனாற் பட்ட பாட்டை இவ்விதழின் வாசகர்க்கு விரித்தல் வேண்டா. மாவட்ட அடிப்படை இன்றும் அனுமதியின் ஒரு பகுதியாக நிலைத்துள்ளது. அதன் கணக்கில் நெடுந்தீவும் நல்லூரும் ஒரே யாழ்ப்பாண மாவட்டம். இடையிலுள்ள கடல் அக்கணக்கிற் புலப்படுவதில்லை.

கதைக்கும் சூத்திரத்துக்கும் இடையில் ஒரு வழி இருக்கக்கூடும். 'இதனை எப்போது, எதனைக் கொண்டு கற்றீர்?' என்ற ஒரு வினாவை வந்தவர் அனைவரிடமும் கேட்கலாம். கேட்கப்பட்டதற்கு விடையளிப்பவன் இரப்பவன் ஆகான். நகரத்து மாணவனும் அதே வினாவுக்கு விடையளித்தல் வேண்டும். வினா எளியது, ஆனால் அதனைக் கேட்கும் எண்ணம் மேசையின் அப்புறத்திலிருந்து எழவேண்டும்.

இவ்வளவையும் நண்பனிடம் வாதித்துப் பார்த்தேன். அவன் இசையவில்லை. அடுத்த நேர்முகப் பரீட்சை ஒரு திங்கட்கிழமை வருகின்றது. அங்கும் ஒன்றும் சொல்லப்போவதில்லையாம். வியாழக்கிழமைப் படகிலேயே வந்துவிடுவதாக மட்டும் கூறியிருக்கிறான்.