இல்லை என்ற பதிலுக்குச் சலிக்காமல்

2004 செப்டம்பரில் தாய்லாந்தின் காம்பெங் பெட் மாகாணத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி காய்ச்சலில் விழுந்தாள். தூண்கள் மேல் நிற்கும் கிராமத்து வீடு. அதன் அடியில்தான் கோழிகள் மேயும், அவள் விளையாடுவாள். அந்தக் கோழிகள் சில நாட்களுக்கு முன்தான் செத்திருந்தன. பாங்காக் பக்கம் வேலை பார்த்துவந்த தாய் ஓடிவந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பல மணி நேரம் மகளைப் பார்த்துக்கொண்டாள். சிறுமி இறந்தாள். இரண்டு வாரம் கழியுமுன் தாயும் போய்விட்டாள். கோழியின் பக்கமே போகாத அவளுக்கு மகளிடமிருந்தே பறவைக் காய்ச்சல் தொற்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. சிறுமியைக் கவனித்த உறவுக்காரப் பெண் ஒருத்திக்கும் நோய் வந்தது. அவளுக்கு மருந்து கிடைத்தது, பிழைத்தாள்.

2003 முதல் உலகம் முழுவதும் எச்5என்1 என்ற இந்தப் பறவைக் காய்ச்சல் தொற்றியதாக உறுதியானவர்கள் 900 பேருக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2021-ல் 11 வயதுச் சிறுவனும், 2025-ல் ஆந்திராவில் இரண்டு வயதுக் குழந்தையும் இறந்தார்கள். கொடிய நோய், ஆனால் அபூர்வம். மருத்துவப் பணியாளருக்கு இந்த அபூர்வம்தான் பெரிய சோதனை. பணி ஓய்வு வரை ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் போகலாம். நாளைக் காலை ஓ.பி. வரிசையில் முதல் ஆளாகவும் வந்து நிற்கலாம்.

காய்ச்சல், இருமல், உடம்புவலி என்று தொடக்கத்தில் எல்லாச் சளிக்காய்ச்சலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இதற்குத் தரும் ஓசல்டாமிவிர் மாத்திரையோ நோய் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். இரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் முன்பே சந்தேகத்தை எழுப்பக்கூடியது ஒரு கேள்விதான்: “வீட்டுல, பக்கத்துல கோழி, வாத்து ஏதாவது செத்துச்சா?”

கேட்கும் விதமும் முக்கியம். நோய் உறுதியானால் 1 கி.மீ. சுற்றளவில் உள்ள கோழிகளையெல்லாம் அழித்துவிடுவார்கள் என்பது வளர்ப்பவருக்குத் தெரியும். அதட்டிக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். கோழியைப் பறிகொடுத்தவரின் கவலையையும் காதில் வாங்குகிற செவிலியருக்கே உண்மை கிடைக்கும்.

கேள்வியைப் போலவே முகக்கவசத்திலும் விதம்தான் முக்கியம். என்-95 பெட்டி அலமாரியில் இருப்பது பாதுகாப்பு ஆகாது. மேல்பட்டை உச்சந்தலைக்கு, கீழ்ப்பட்டை பிடரிக்கு. மூக்குக் கம்பியை இரண்டு கைவிரல்களாலும் அழுத்தி, மூச்சை விட்டு, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடக்கூடாது. மருத்துவர் பழகினால் போதாது. வார்டு கூட்டும் அம்மாவுக்கும் இது கைவர வேண்டும். கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் ஒன்று கொடுத்து, மாட்டச் சொல்லித்தர வேண்டும். பயிற்சிப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. ஆனால் நோயாளிக்கு மிக அருகில் இருப்பவள் அவள்தான்.

ஆபத்து கண்முன் நிற்கும்போது விழிப்பாக இருக்க யாராலும் முடியும். எதுவும் நடக்காத ஆயிரம் நாட்கள்தான் மனிதரைத் தளர்த்துகின்றன. ஆயிரம் பேர் ‘இல்லை’ என்ற பிறகும், அடுத்து வருபவரிடம் அதே அக்கறையோடு அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தால், அதுவே ஆயத்தம். அந்த ஆயிரம் கேள்விகளில் ஒன்றும் வீண் இல்லை; அடுத்த கேள்வியை உயிரோடு வைத்திருப்பவை அவைதான்.