காக்கும் பாத்திரமும் காக்கப்படும் பொருளும்

நோயாளியின் படுக்கையருகே வைக்கப்பட்ட பிளாஸ்கில் இரவு ஊற்றிய வெந்நீர் விடியற்காலையிலும் சூடாக இருக்கிறது. அதிலேயே பனிக்கட்டி நீரை ஊற்றினால், கோடைப் பகலிலும் குளிர்ச்சி நெடுநேரம் நிற்கிறது. சூட்டைக் காக்க வேண்டுமா, குளிரைக் காக்க வேண்டுமா என்பது பிளாஸ்குக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரியாது என்பதே விடை.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வு செய்த ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி 1892-இல் இதனை உருவாக்கினார். அவர் காக்க விரும்பியது வெந்நீரை அன்று. கடுங்குளிரில் திரவமாக்கப்பட்ட வாயுக்களை. வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்னும் மூன்று வழிகளில் பரவுகிறது. இரட்டைக் கண்ணாடிச் சுவர்களுக்கு இடையிலுள்ள காற்றை அகற்றியதால் முதலிரண்டு வழிகளும் பெருமளவு அடைபட்டன. சுவர்மீது பூசிய வெள்ளி, கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பியது. உள்ளிருப்பது வெளியேறவும் வழியில்லை. வெளியிலிருப்பது உட்புகவும் வழியில்லை.

புறச்சூழலால் பாதிக்கப்படாத மனத்தைச் சான்றோர் போற்றுவர். ஆயினும், பாதிக்கப்படாமை ஒன்றே நற்பண்பு ஆகிவிடுமா? பாகப்பிரிவினையின்போது அண்ணன் சொன்ன ஒரு கடுஞ்சொல்லை, இருபது ஆண்டுகள் கழிந்தும் அதே சூட்டோடு வைத்திருக்கும் தம்பி உண்டு. சமாதானம் பேச வந்தவர்களின் சொல் எதுவும் அவன் உள்ளத்தில் இறங்குவதில்லை. அவனும் அதனை மனவுறுதி என்றே எண்ணுகிறான். உறுதி உண்மைதான், அது காத்து நிற்பது பகையை. நல்லெண்ணத்தைக் காக்கும் அதே உறுதி, வன்மத்தையும் வேறுபாடின்றிக் காக்கும். ஆகவே மனத்தை எவ்வளவு உறுதியாக மூடுவது என்பதற்கு முன்னால், உள்ளே எதனை வைப்பது என்ற விவேகம் வேண்டும்.

பிளாஸ்கின் இரு சுவர்களும் கழுத்தில்தான் ஒன்றுசேர்கின்றன. வெப்பம் பெரும்பாலும் கழுத்தும் மூடியும் உள்ள அந்த இடத்தின் வழியாகவே கசிகிறது. அதற்காக வாயே இல்லாத பாத்திரத்தை எவரும் செய்வதில்லை. ஊற்றுவதற்கும் கொடுப்பதற்கும் அந்த வாய் வேண்டும். நேற்றைய நீரைக் கொட்டிக் கழுவுவதற்கும் அதுதான் வழி.

அண்ணன் நோயுற்ற செய்தி ஒருநாள் வரக்கூடும். அன்று அவருக்குப் பால் கொண்டுசெல்லும் தம்பி, பிளாஸ்கில் கிடந்த பழைய நீரைக் கொட்டிக் கழுவிய பிறகே பாலை ஊற்றுவான். இருபது ஆண்டுகளாக மூடி வைத்த மனத்துக்கும் அவன் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.