பழுதும் அதன் காரணமும்

மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தின் சிறிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்வோர், கீறல் விழுந்த பிஸ்டனை எளிதில் மாற்றிவிடுவர். அது ஏன் கீறியது என்று காண்பதே அரிது. அந்த எஞ்சினைக் காப்பது பெட்ரோலோடு கலந்து செல்லும் எண்ணெய். பெரும்பாலும் 5 லிட்டருக்கு 100 மில்லி. கிராங்க் அச்சின் ஆயில் சீல் தேய்ந்து வெளிக்காற்று புகுந்தால், எரிபொருளின் பங்கும் எண்ணெயின் பங்கும் குறைந்து, வெப்பம் மிகுந்து, பிஸ்டன் சிலிண்டரோடு உராய்ந்து கீறுகிறது. தேய்ந்த சீல் அப்படியே இருக்குமாயின், புதிய பிஸ்டனும் அவ்வாறே அழியும்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் பெறும் மன்னிப்பு மெய்யானது. ஆயினும், அதே பாவத்தை ஆண்டுதோறும் அறிக்கையிடும் நாம், அது புகும் வழியைத் தேடியதுண்டா? வழியை அடைத்த பின்னரே இறைவன் மன்னிப்பார் என்று நாம் கூறவில்லை. சக்கேயுவின் இல்லத்தில் தங்க இயேசு முன்வந்த பின்னரே, அவர் தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காக உரியவர்க்கும் அளிக்க முன்வந்தார். இரக்கம் முந்தியது; ஈடு பின்தொடர்ந்தது. பணத்தாசை புகுந்த வழி அவ்வாறே அடைபட்டது.

ஆகவே, ஆன்ம சோதனையில் கீறல்களை எண்ணுவதோடு நில்லாது, காற்றுப் புகும் இடத்தையும் தேடுவோம்.