பக்கத்து இருக்கை தீர்மானிக்கும் மதிப்பெண்

நூறு பேர் படிக்கும் மருத்துவ வகுப்பில் இருபது பேருக்குத்தான் ‘ஹானர்ஸ்’ என்று தேர்வுக்கு முன்பே முடிவாகிவிட்டால், இருபத்தொன்றாவது ஆளின் கதையும் அப்போதே முடிந்துவிடுகிறது. அவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சரி, மற்ற இருபது பேர் அவரைவிட ஒரு கேள்விக்குக் கூடுதலாக விடை எழுதியிருந்தால் போதும். மாணவர்கள் ‘கர்வ்’ என்று சொல்லும் ஒப்பீட்டு மதிப்பீட்டின் மீது வைக்க வேண்டிய முதல் குற்றச்சாட்டு இது. அடுத்தவர் செய்ததற்கான விலையை அது இவரிடம் வசூலிக்கிறது.

இந்த முறைக்கும் நியாயம் உண்டு. வினாத்தாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. உயிர்வேதியியல் தாளை ஒரு பேராசிரியர் கடுமையாக அமைத்துவிட்டால் வகுப்பே கவிழ்ந்துபோகும். அப்போது மாணவர்களைக் காப்பாற்றுவது கர்வ்தான். மதிப்பெண்ணை அள்ளி வழங்கும் பழக்கத்துக்கும் அது கடிவாளம் போடுகிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் வார்டு போஸ்டிங்குகளில் உச்ச கிரேடு பெறுவோரின் விகிதம் 2 முதல் 93 சதவீதம் வரை மாறுபடுவதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முக்கால்வாசிக்கும் மேலானவர்கள் ஹானர்ஸ் வாங்கும் இடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நோயாளியின் கேள்வி வேறு. நள்ளிரவில் நெஞ்சுவலியோடு கேஷுவாலிட்டிக்கு வருபவரின் இசிஜியில் எஸ்டி பகுதி உயர்ந்திருப்பதைப் பணியிலிருக்கும் மருத்துவர் கண்டுபிடிப்பாரா, மாட்டாரா? அவர் தம் வகுப்பில் எத்தனை பேரை முந்தினார் என்பது அங்கே எதற்கும் உதவாது. வகுப்பே சுமாராக இருந்த ஆண்டில் இசிஜி படிக்கத் தெரியாதவரும் கர்வின் தயவில் தேறிவிடுவார். வகுப்பு சிறப்பாக இருந்த ஆண்டில் நன்றாகத் தெரிந்தவருக்கும் தாழ்ந்த கிரேடுதான் கிடைக்கும். சான்றிதழைப் பார்ப்பவருக்கு இந்த இருவரையும் பிரித்தறிய வழியில்லை.

2023இல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வின் கட்-ஆஃப் எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைலாகக் குறைக்கப்பட்டபோது, மைனஸ் மதிப்பெண் எடுத்தவர்களும் கவுன்சலிங்குக்குத் தகுதி பெற்றார்கள். எழுதிய அனைவரும் ஏற்கெனவே எம்பிபிஎஸ் தேறியவர்கள், இடங்கள் காலியாகக் கிடக்கக் கூடாது என்ற வாதம் அதற்கு ஆதரவாக வைக்கப்பட்டது. வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. அப்படியானால் பொதுப்பிரிவுக்கு 50ஆவது பெர்சன்டைல் என்ற கோட்டைத் தரத்தின் எல்லையாக எல்லோரும் நம்பியது எதை வைத்து? பெர்சன்டைல் வரிசையைத்தான் சொல்லும். தகுதியைச் சொல்லும் பொறுப்பு அதற்கு ஒருநாளும் இருந்ததில்லை.

வரிசைப்படுத்தலில் இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. மருத்துவத்துறையில் குறைவாகவே இடம்பெற்ற சமூகங்களின் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வார்டு மதிப்பீட்டில் இருந்த இடைவெளி மிகச் சிறியது. ஆனால் அது கிரேடாக மாறியபோது அவர்களுக்குக் கிடைத்த ஹானர்ஸ் மற்றவர்களுக்குக் கிடைத்ததில் பாதிதான். சிறந்த மாணவர்களுக்கான கௌரவச் சங்கத்துக்குத் தேர்வாகும் வாய்ப்போ மூன்றில் ஒரு பங்கு. ரவுண்ட்ஸில் யாரோ ஒருவர் மனத்தில் விழுந்த மெல்லிய அபிப்பிராயம் ஒருவரின் மேற்படிப்பு வரைக்கும் தொடர்கிறது. கர்வின் மிகப் பெரிய அநீதி இங்கேதான் இருக்கிறது. அதிகம் பேசப்படாததும் இதுவே.

மருத்துவம் கூடிச் செய்யும் வேலை என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரவுப் பணி முடித்த ஹவுஸ் சர்ஜன், இன்ன படுக்கைக்காரருக்குப் பொட்டாசியம் ஏறியிருக்கிறது, மறுபரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனால்தான் காலையில் வருபவர் அந்த உயிரைக் காக்க முடியும். நோட்ஸைக் கொடுத்தால் நம் இடம் பறிபோகும் என்று ஆண்டுக்கணக்கில் பழக்கப்படுத்திவிட்டு, வார்டுக்கு வந்ததும் பகிர்ந்துகொள் என்றால் எப்படி? வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கிரேடுகளை எடுத்துவிட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் அறிவித்தது. மாணவர்களின் மனநலம் மேம்பட்டது, தேர்வுத் திறன் குறையவில்லை என்று 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

வரிசையை எடுத்துவிட்டாலே நியாயம் வந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. 2022 ஜனவரியில் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இயின் ஸ்டெப் 1 தேர்வு மதிப்பெண்ணைக் கைவிட்டு, தேர்ச்சியை மட்டும் அறிவிக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் பயிற்சி தேடும் வெளிநாட்டு மாணவர்களுக்கு, பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து வந்தாலும் திறமையைக் காட்ட அந்த எண் ஒரு வழியாக இருந்தது. எண் போன இடத்தில் கல்லூரியின் பெயரும் சிபாரிசும் வந்து உட்கார்ந்தால் அதில் சமத்துவம் எங்கே? இடங்கள் குறைவாக இருக்கும்வரை யாரையாவது வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். அதை அதற்கென்று நடத்தும் தேர்வில், வெளிப்படையாகச் செய்யட்டும். கல்லூரித் தேர்வு தகுதியை மட்டும் அளக்கட்டும்.

கடினமான தாளிலிருந்து மாணவரைக் காக்கவும் கர்வ் தேவையில்லை. வில்லியம் ஆங்காஃப் பெயரில் 1971 முதல் வழங்கிவரும் முறை ஒன்று இருக்கிறது. ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து, தேர்ச்சிக்கு விளிம்பில் நிற்கும் மாணவர்களில் எத்தனை பேர் இந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதுவார்கள் என்று ஒவ்வொரு கேள்வியாக மதிப்பிட்டு, அதிலிருந்து தேர்ச்சிக் கோட்டை முடிவு செய்வார்கள். தாள் கடினமானால் கோடும் இறங்கும். அதற்கு அடுத்தவரின் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. ஆசிரியர்களுக்கு இது கூடுதல் வேலைதான். அதைச் செய்யச் சொல்லிக் கேட்க மாணவர்களுக்கும் நோயாளிகளுக்கும் உரிமை உண்டு.