பயம் போகாது, நீ மேடைக்குப் போ!

மேடை ஏறினால் கை நடுங்குகிறதா? நாக்கு வறண்டு போகிறதா? அதனால்தான் ஒதுங்கிக்கொண்டாயா?

வெட்கப்படு! நடுங்கியதற்காக அல்ல, ஒதுங்கியதற்காக!

பாப்லோ கசால்ஸைத் தெரியுமா? 1876இல் ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாவில், எல் வென்ட்ரெல் என்ற சிற்றூரில் பிறந்தவர். வில்லால் வாசிக்கும் செல்லோ என்ற தந்திக் கருவி என்றாலே இசை உலகம் முதலில் சொல்லும் பெயர்.

அந்த மனிதருக்கு மேடை என்றால் குலைநடுக்கம்!

1901. வயது 24. அமெரிக்காவில் கச்சேரிப் பயணம். சான்பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் டமால்பைஸ் மலைக்குப் போயிருந்தார். மேலிருந்து உருண்டு வந்த பாறை அவர் இடது கையை நசுக்கியது. தந்தியை அழுத்துகிற கை! சோறு போடுகிற கை!

அந்த நொடியில் அவர் மனத்தில் என்ன எழுந்தது? ஐயோ என்ற அலறலா?

இல்லை. அப்பாடா, இனிமேல் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி! பின்னாளில் அவரே சொன்னது இது.

தப்பித்தோம் என்று உனக்குத் தோன்றுகிறதே, அதே எண்ணம்தான்!

பிறகு? மாதக்கணக்கில் வைத்தியம். கை தேறியது. மறுபடி செல்லோ. மறுபடி மேடை. மறுபடி அதே நடுக்கம். கடைசி வரை பயம் அவரை விடவில்லை. அவரும் மேடையை விடவில்லை.

பயம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறாயே, யார் சொன்னார்கள் அது போகும் என்று?

"எனக்கு வசதியில்லை சார்!" இது உன் அடுத்த சாக்கு.

கசால்ஸ் சிறுவயதில் வாசித்த முதல் 'செல்லோ' எது தெரியுமா? காய்ந்த சுரைக்குடுக்கை! அதில் தந்தி கட்டி வாசித்தான் பையன்.

அப்பா மாதாகோயிலில் ஆர்கன் வாசிப்பவர். பையனைத் தச்சு வேலைக்கு அனுப்ப நினைத்தார். அம்மா பிலார் விடவில்லை. பார்சிலோனாவுக்கு அழைத்துப்போய் இசைப்பள்ளியில் சேர்த்தாள். பகலில் பாடம், இரவில் காப்பிக்கடையில் வாசிப்பு. கூலி அதில்தான்.

பின்னால் பாரிஸில் வயிற்றுப்பாட்டுக்கே திண்டாடிய நாளில், அந்தத் தாய் தன் கூந்தலை வெட்டி விற்றாள்.

உன் வீட்டிலும் உனக்காக எதையோ விற்றிருப்பார்கள். போய்க் கேள்!

அன்றைய செல்லோ ஆசிரியர்கள் மாணவனின் வலது அக்குளில் புத்தகத்தை இடுக்கச் சொல்லி வில் பிடிக்கப் பழக்கினார்கள். கை உடம்போடு ஒட்டியே இருக்கவேண்டுமாம்! கசால்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. முழங்கையை விடுவித்தார். இடது கை விரல்களை வைக்கும் முறையையும் மாற்றினார். இன்றைய செல்லோ வாசிப்பில் பாதி அவர் போட்ட பாதை.

எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நீ எத்தனை புத்தகத்தை இடுக்கிக்கொண்டிருக்கிறாய்?

இனி உழைப்புக்கு வா. இதைத்தானே நீ கேட்க விரும்பமாட்டாய்?

அவருக்கு 13 வயது. பார்சிலோனாவில் அப்பாவோடு ஒரு பழைய இசைப் புத்தகக் கடை. தூசிக்குள்ளிருந்து ஒரு கட்டுக் காகிதம் கிடைத்தது. செல்லோ தனியாக வாசிப்பதற்காக இசைமேதை பாஹ் எழுதிய ஆறு 'ஸ்வீட்' என்னும் இசைத்தொகுப்புகள்! பக்கவாத்தியம் கிடையாது. தவறினால் மறைத்துக்கொள்ள ஆளில்லை. வெறும் பயிற்சிப் பாடம் என்று உலகம் ஓரங்கட்டியிருந்த இசை.

செல்லோவின் கழுத்தில் வீணைக்கு இருப்பதுபோல் மெட்டு கிடையாது. விரல் மயிரிழை நகர்ந்தாலும் அபஸ்வரம்! சரியான இடத்தைக் காதும் விரலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முறையல்ல, ஒவ்வொரு முறையும்!

அன்றிலிருந்து நாள் தவறாமல் சாதகம். ஒரு ஸ்வீட்டை முழுதாகச் சபையில் வாசிக்க எத்தனை காலம் எடுத்துக்கொண்டார்?

12 ஆண்டுகள்!

ஆறையும் இசைத்தட்டில் பதியத் தொடங்கியது 1936இல். அப்போது வயது 59. நீயோ ஒரு மாதம் முட்டிப்பார்த்துவிட்டு ராசியில்லை என்கிறாய்!

திறமை பிறவியிலேயே வரவேண்டும் என்று சொல்லாதே. அவருக்கு இருந்தது, மறுக்கவில்லை. இருந்தும் 12 ஆண்டுகள் உட்கார்ந்தாரே! பிறவித் திறமை இல்லை என்கிற நீ எத்தனை ஆண்டுகள் உட்கார வேண்டும்?

1971 அக்டோபர் 24. நியூயார்க், ஐக்கிய நாடுகள் சபை. கட்டலோனியாவின் பழைய நாட்டுப்பாடல் ஒன்றைச் செல்லோவில் வாசித்தார் கசால்ஸ். வயது 94!

வயதாகிவிட்டது என்று சொல்ல உலகத்தில் அவரைவிட உரிமை யாருக்கு இருந்தது?

உனக்கு என்ன வயது?

நாளை விடியட்டும். உன் கருவி எதுவோ, உன் மேசை எதுவோ, அதன் முன்னால் போய் உட்கார். கை நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்குகிற கையோடேயே தொடங்கு!