சத்தும் சாதியும்

2018-இல் இந்திய அரசு கேழ்வரகு, கம்பு, சோளத்துக்கு 'ஊட்டச்சத்துத் தானியம்' என்று புதுப்பெயர் வைத்தது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பழைய சோத்துத் தண்ணிகூட இப்போ குடலுக்கு நல்லதாம். இருக்கட்டும். அரிசியைவிடக் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து பல மடங்கு உண்டு; மறுக்கவில்லை.

காரைக்கால் கடைமடை நெல் விளையும் பூமி. ஆனால் சேரிச் சனத்தின் உசிரைப் பிடிச்சு வச்சது பழையதும் கருவாடும் வயல் நண்டும் நத்தையும் வரப்புக் கீரையும்தான். உடம்புக்கு நல்லதென்று யாரும் தேர்ந்தெடுத்துத் தின்னவில்லை. நட்டு அறுத்த நெல் கைக்கு எட்டவில்லை. பக்கத்தில்தான் கீழ்வெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்தின்போது, 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

விரும்பி உண்பதும் வேறு வழியில்லாமல் உண்பதும் ஒன்றா? சத்து ஒன்றாக இருக்கலாம், நியாயம் ஒன்றாகுமா? உணவின் தீட்டைக் கழித்துவிட்டார்கள், உண்டவன் மீதிருந்த தீட்டு அப்படியே இருக்கிறது. மூலத்துக்கு நல்லதென்று நம்பி நத்தை வாங்க வருகிறவர், அதைப் பிடித்துக் கொடுத்தவளோடு உட்கார்ந்து தின்பாரா?

எங்க வாசல்ல உட்கார்ந்து, எங்க சட்டிச் சோத்தை வாங்கிச் சாப்பிடட்டும். அப்புறம் சத்தைப் பத்திப் பேசலாம்.